தைப்பூசத்துக்கு ஏன் லீவு இல்லை? நம் விடுமுறைப் பட்டியலை யார் எழுதியது?

செந்தூல்காரன்:

எங்க ஃபேக்டரியில அடுத்த வருட லீவுப் பட்டியலை ஒட்டிட்டாங்க. மொத்தம் 11. தேசிய தினம், மலேசியா தினம், மாமன்னர் பிறந்தநாள், கூட்டரசுப் பிரதேச தினம், மே 1, சீனப் புத்தாண்டு 2 நாள், நோன்புப் பெருநாள் 2 நாள், தீபாவளி, ஜனவரி 1. தைப்பூசம் இல்லை.

எச்.ஆர். அம்மாகிட்ட போய்க் கேட்டேன். "சட்டம் சொன்ன 11 குடுத்தாச்சு, வேணும்னா ஆண்டு விடுப்பு எடுத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டாங்க. கோலாலம்பூரில தைப்பூசம் பொது விடுமுறைன்னு 2008-லயே அறிவிச்சாங்களே, அப்புறம் எப்படி ஒரு கம்பெனி இதைத் தூக்க முடியும்? பத்துமலை எங்க வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சங்கத்துக்காரர்:

தம்பி, தூக்க முடியும். நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அரசாங்கம் கெஜட்டில் போடுகிற பொது விடுமுறைகள் 11-ஐவிட அதிகம். ஆனால் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60டி பிரிவு, தனியார் முதலாளி அவற்றில் 11 நாள் கொடுத்தால் போதும் என்கிறது. அந்த 11-இல் 5 கட்டாயம்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளரின் பிறந்தநாள் (கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் என்பதால் உங்களுக்குக் கூட்டரசுப் பிரதேச தினம்), தொழிலாளர் தினம், மலேசியா தினம். மீதி 6 முதலாளியின் விருப்பம். அந்த ஆறும் எவை என்று ஆண்டு தொடங்குவதற்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். உங்கள் எச்.ஆர். அம்மா அதைத்தான் செய்திருக்கிறார்.

அந்த ஐந்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஒன்றுகூடச் சமயப் பண்டிகை கிடையாது. தீபாவளி மட்டுமல்ல, நோன்புப் பெருநாளும் சீனப் புத்தாண்டும்கூடக் கட்டாயப் பட்டியலில் இல்லை. நாட்டின் சமயம் இஸ்லாம் என்று அரசியலமைப்பின் 3-ஆம் விதி சொன்னாலும், தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்துவது அரசரையும் நாட்டையும் தொழிலாளரையும்தான். பண்டிகைகளெல்லாம் வழக்கத்தின் பலத்தில் நிற்கின்றன. நோன்புப் பெருநாளுக்கு ஃபேக்டரியைத் திறந்தால் ஆளே வரமாட்டார்கள் என்பது முதலாளிக்குத் தெரியும்.

இதற்கு வெளியே ஒன்று உண்டு. விடுமுறைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின் கீழ் அரசாங்கம் திடீரென்று ஒரு நாளை அறிவித்தால், அதை 11-க்கு மேல் கொடுத்தாக வேண்டும். 2019 ஜூலை 30, மாமன்னர் அரியணை ஏறிய நாள், அப்படி வந்ததுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:

அப்போ முதலாளி நினைச்சா தீபாவளிக்கே வேலைக்கு வரச் சொல்லலாமா?

சங்கத்துக்காரர்:

சட்டப்படி, அந்த ஆறில் தீபாவளியைச் சேர்க்காவிட்டால் முடியும். நான் அப்படி ஒரு இடத்தையும் பார்த்ததில்லை. பட்டியலில் போட்டுவிட்டு வேலைக்குக் கூப்பிட்டால் விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இன்னும் 2 நாள் சம்பளம் தர வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் இந்தச் சட்டம் எல்லா ஊழியருக்கும் பொருந்தும் என்றாலும், இந்தக் கூடுதல் சம்பளம் மட்டும் மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவர்களுக்குக் கிடையாது.

தண்ணீர்மலை:

பினாங்கில் இந்தப் பேச்சே எழாது. சீன முதலாளியாக இருந்தாலும் தைப்பூசத்துக்குக் கடையைப் பாதி அடைத்துவிட்டு, மீதிப் பாதியில் தண்ணீர்ப் பந்தல் போட்டுவிடுவார். இரத ஊர்வலத்தன்று தெருவோரம் வந்து பாருங்கள். கோணிக்கோணியாகத் தேங்காயை இறக்கி ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்திருப்பார்கள். உடைப்பவர்களில் பாதிப் பேர் சீனர்கள். இரதம் நெருங்க நெருங்கச் சட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் எடுத்து எடுத்து அடிப்பார்கள். இரதம் கடந்ததும் லாரி வந்து தேங்காய் ஓடுகளை அள்ளும். அதற்குள் தார்ச்சாலை முழுக்க இளநீர் ஓடிச் செருப்பு வழுக்கும்.

செட்டியார்களின் வெள்ளி இரதம் 1894-லிருந்து ஓடுகிறது. 2017-லிருந்து அறப்பணி வாரியத்தின் தங்க இரதமும் ஓடுகிறது. இரண்டில் எது முன்னால் போவது என்று இங்கே சண்டை ஆரம்பிக்க வேண்டாம், அதற்குத் தனி இழையே இருக்கிறது.

காரணம் எளிது. பினாங்கு நீரிணைக் குடியேற்றம். வெள்ளைக்காரன் நேரடியாக ஆண்ட இடம். எல்லா இனத்துக்கும் ஒரு நாள் என்று அவன் பழக்கிவிட்டுப் போனது அப்படியே தங்கிவிட்டது.

பழைய வாத்தியார்:

தண்ணீர்மலை ஐயா, தேங்காய் வரை சரி. காரணம்தான் உதைக்கிறது. மலாக்காவும் நீரிணைக் குடியேற்றம்தானே? அங்கே தைப்பூசத்துக்கு மாநில விடுமுறை கிடையாது. இத்தனைக்கும் மலாக்கா செட்டிகள் இந்த மண்ணில் மிகப் பழைய தமிழ் வேர். அவர்களுடைய பொய்யாத விநாயகர் கோயில் 1781-ஐச் சேர்ந்தது. கோயிலின் வயதுக்கோ வெள்ளைக்காரனின் தயவுக்கோ விடுமுறை கிடைக்கும் என்றால் முதலில் அங்கேதான் கிடைத்திருக்க வேண்டும்.

ஆள் எண்ணிக்கைதான் காரணம் என்று இன்னொருவர் வருவார். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர் எல்லாம் கித்தா (ரப்பர்) தோட்ட மாநிலங்கள், தமிழர் நிறைய, அதனால் தைப்பூசம் என்பார். பெரும்பாலும் பொருந்தும். ஆனால் கெடா? சுங்கை பட்டாணி, கூலிம் பக்கம் தோட்டம் இல்லையா, காவடி இல்லையா? அங்கே ஆண்டுக்கு ஆண்டு சிறப்பு விடுமுறை என்ற பெயரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2021-ல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டைக் காட்டி மந்திரி பெசார் (மாநில முதல்வர்) அதை ரத்து செய்தார். நாடே இரண்டுபட்டுச் சண்டை போட்டது. அடுத்த ஆண்டு திரும்பி வந்துவிட்டது. ஒருவர் வாய்ச்சொல்லில் வருவதும் போவதுமாக இருப்பது உரிமையில் சேருமா?

இப்போது கோலாலம்பூருக்கு வருகிறேன். இதை இளைஞர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தைப்பூச இரதம் எங்கிருந்து புறப்படுகிறது? ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து. 1873-ல் தோன்றிய கோயில். அதைத் தொடங்கிய தம்புசாமிப் பிள்ளை காலத்திலிருந்து, அதாவது 1890-களின் தொடக்கத்திலிருந்து, பத்துமலையில் தைப்பூசம் நடக்கிறது. கோயில் இருப்பது தலைநகரில், மலை இருப்பது சிலாங்கூரில். 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி கோலாலம்பூரைச் சிலாங்கூரிலிருந்து பிரித்துக் கூட்டரசுப் பிரதேசம் ஆக்கினார்கள். சிலாங்கூரில் தைப்பூசத்துக்கு விடுமுறை, தலைநகரில் இல்லை என்ற நிலை 2008 வரை இருந்தது. நள்ளிரவில் இரதம் கிளம்பும். வழிநெடுக அர்ச்சனைத் தட்டோடு ஜாலான் ஈப்போவில் காத்திருப்பவன் காலையில் வேலைக்குப் போக வேண்டியவன். எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் நிற்பவன் லீவில் இருப்பவன். முருகன் ஒருவர்தான், இரதமும் ஒன்றுதான். நடுவில் ஒரு கோடு.

அந்தக் கோடு எப்போது அழிந்தது? 2007 நவம்பர் 25-ல் கோலாலம்பூர் தெருக்களில் பல்லாயிரம் இந்தியர்கள் உரிமை கேட்டுத் திரண்டார்கள். அடுத்த ஜனவரியில் பிரதமர் அப்துல்லா அகமட் படாவி கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் தைப்பூச விடுமுறையை அறிவித்தார். மார்ச் 8-ல் பொதுத் தேர்தல். தேதிகளை வரிசையாக வைத்துவிட்டேன், மீதியை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:

கூட்டினா என்ன வரும் சார்? தேர்தலுக்காகக் கொடுத்தா அது விடுமுறை இல்லையா? இத்தனை வருஷமா யாரும் கொடுக்காததை ஒருத்தர் கொடுத்தார். எங்க அப்பா அந்த வருஷம்தான் முதல் தடவையா சம்பளத்தோட காவடி எடுத்தார். அவருக்குத் தேர்தல் கணக்கு தேவைப்படல.

பழைய வாத்தியார்:

அம்மா, அவரை நான் குறை சொல்லவில்லை. கேட்டால்தான் கிடைக்கிறது என்கிறேன். மலேசியா தினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1963 செப்டம்பர் 16-ல் நாடே உருவானது. அந்த நாள் நாடு முழுவதற்கும் விடுமுறை ஆனது 2010-ல்தான். 2008 தேர்தலுக்குப் பிறகு சபாவும் சரவாக்கும் இல்லாமல் ஆட்சி நிற்காது என்ற நிலை வந்தது, அதன் பிறகுதான் தலைநகருக்கு அந்தத் தேதி ஞாபகம் வந்தது.

ஜொகூர் ஜீவா:

எங்க ஊரைப் பத்தி யாரும் பேசலையே. ஜொகூரில் தைப்பூசத்துக்கு லீவு உண்டு, ஜனவரி 1-க்குக் கிடையாது. வார லீவு வேற தனிக்கதை. 2014-ல் வெள்ளி, சனின்னு மாத்தினாங்க. 2025-ல் திரும்ப சனி, ஞாயிறு. பத்து வருஷத்துக்கு மேல, சிங்கப்பூரில வேலை செய்யற அப்பாவுக்கு ஞாயிறு லீவு, பள்ளிக்குப் போற பிள்ளைக்கு வெள்ளி லீவு. குடும்பம் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டது சனிக்கிழமை மட்டும்தான்.

பழைய வாத்தியார்:

ஜீவா, நல்ல முனையைப் பிடித்தீர்கள். ஜனவரி 1-க்கு மாநில விடுமுறை இல்லாதவை எவை என்று பாருங்கள்: ஜொகூர், கெடா, கிளந்தான், பெர்லிஸ், திரெங்கானு. வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். கூட்டரசில் சேராத மலாய் மாநிலங்கள் என்று ஐந்தைத் தனியாகக் குறித்திருப்பார்கள். அதே ஐந்து! பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் ரெசிடெண்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் ஆட்சிக்குள் போனவை, அங்கே வெள்ளைக்காரனின் நாள்காட்டி ஊறிவிட்டது. இந்த ஐந்தில் மலாய் ஆட்சியாளர்கள் தங்கள் நிர்வாகத்தைக் கூடுதலாகக் கையில் வைத்திருந்தார்கள். கிளந்தான், திரெங்கானு, கெடாவில் இன்றும் வெள்ளிக்கிழமைதான் ஓய்வு. வெள்ளைக்காரன் போய் எழுபது ஆண்டு ஆகப்போகிறது, அவன் போட்ட கோடு இன்னும் நம் காலண்டரில் ஓடுகிறது.

லெபோ சூலியா:

வாத்தியார் ஐயாவுக்கு என் சலாம். பினாங்கிலிருந்து ஒரு தமிழ் முஸ்லிம் பேசுகிறேன். செந்தூல் தம்பியின் பட்டியலை இவ்வளவு பேர் படித்தீர்களே, அதில் ஹஜ்ஜுப் பெருநாள் இல்லை என்பதை யாராவது கவனித்தீர்களா? நபிகள் பிறந்தநாளும் இல்லை. அவரவர் பண்டிகையைத்தான் அவரவர் கண் தேடுகிறது!

நோன்புப் பெருநாள் இந்த நாட்டில் பெரிது, ஹஜ்ஜுப் பெருநாள் ஒரு படி கீழே. கிளந்தான், திரெங்கானு, கெடா, பெர்லிஸில் மட்டும் ஹஜ்ஜுக்கு 2 நாள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் 1 நாள். எங்கள் வீட்டில் குர்பானி முடிந்து கறி பங்கு வைத்து, ஏழை வீடுகளுக்குக் கொடுத்து முடிக்கும்போதே அந்த நாள் போய்விடும். மறுநாள் காலை கறி மணக்கும் கையோடு வேலைக்கு.

மெர்தாஜாம் மேரி:

அண்ணே, கிறிஸ்துமஸும்தான் இல்லை. நானும் அதைத்தான் முதலில் தேடினேன், நீங்கள் சொன்னது சரி.

எங்களுக்குப் பெரிய குறை வேறு. புனித வெள்ளி சபாவிலும் சரவாக்கிலும் மட்டும்தான் விடுமுறை. தீபகற்பத்தில் கிடையாது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்துக்கு ஜூலைத் திருவிழாவில் சிங்கப்பூரிலிருந்தெல்லாம் பேருந்து பேருந்தாக வருகிறார்கள். அவ்வளவு பேர் இருக்கிறோம், ஆனால் சிலுவைப்பாதைக்கு மேலாளரிடம் கெஞ்சி அரை நாள் வாங்கிக்கொண்டுதான் ஓட வேண்டும். மறுபக்கம் சரவாக்கில் தீபாவளிக்கு விடுமுறை இல்லை. அங்கே வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் அன்றைக்கும் அலுவலகம் போய்விட்டு இரவில்தான் வெடி வெடிக்கிறான். நாடு ஒன்று, நாள்காட்டி எத்தனையோ.

தேக்கா தாத்தா:

சிங்கப்பூரிலிருந்து. லீவு குறைகிறது என்று நீங்கள் அழுகிறீர்கள், எங்களுக்குத் தைப்பூசமே போய்விட்டது. 1968-ல் பொது விடுமுறைகளை 16-லிருந்து 11-ஆகக் குறைத்தார்கள். வெள்ளைக்காரப் படை கிளம்பப் போகிறது, இனி பிழைக்க வேண்டுமானால் உழைக்க வேண்டும் என்ற காலம். இந்துக்களிடம் தீபாவளியா தைப்பூசமா, ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். தீபாவளி நின்றது. முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாளை விட்டார்கள். கிறிஸ்தவர்களும் சிலவற்றை விட்டார்கள், புனித வெள்ளி மட்டும் தப்பியது, மேரி அம்மா. 2015-ல் தைப்பூசத்தைத் திருப்பிக் கேட்டு மனுவெல்லாம் போட்டார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்ற பதில்தான் வந்தது. நான் ஆண்டு விடுப்பு எடுத்துத்தான் பால்குடம் எடுக்கிறேன்.

அத்தனை பேரிடமும் சமமாகப் பறித்தார்கள் என்ற ஆறுதல் உண்டு. அது ஆறுதல்தானா என்று இன்னும் தெரியவில்லை.

பூச்சோங் புலி:

எல்லாரும் சாமி லீவையே பேசறீங்க. பொங்கலுக்கு லீவு கேளுங்கப்பா! அது மதம் இல்ல, தமிழர் திருநாள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாருக்கும் பொது. தைப்பூசம் மாநில லீவு, தீபாவளி சரவாக்கில் இல்ல, தமிழனுக்குன்னு ஒரு நாள் எங்க இருக்கு? சபாவில் காஅமாத்தான், சரவாக்கில் காவாய், ரெண்டும் அறுவடைத் திருநாள்தானே? அவங்களுக்குக் கிடைச்சிருக்கு.

லெபோ சூலியா:

தம்பி, எங்களுக்கும் சேர்த்துக் கேட்பது சந்தோஷம். ஆனால் எங்களைக் கேட்டுவிட்டுக் கேட்டால் இன்னும் சந்தோஷம். எங்கள் தெருவில் பொங்கல் வைக்கிற முஸ்லிம் வீட்டை நான் பார்த்ததில்லை. மதமில்லாத நாள் என்று நீங்கள் சொல்லலாம். சூரியனுக்குப் படைப்பதை என் தாயார் அப்படிப் பார்க்க மாட்டார்.

மெர்தாஜாம் மேரி:

எங்கள் பங்கில் ஆலய வாசலிலேயே பொங்கல் வைக்கிறோம், சாமியார் மந்திரிப்பார். ஆக, ஊருக்கு ஊர் மாறும். புலி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. காவாய் 1960-களில்தான் விடுமுறையானது, அதற்கு முன் வெறும் ஊர்க் கொண்டாட்டம். கேட்டு வாங்கியதுதான்.

பூச்சோங் புலி:

அதான் நானும் சொல்றேன். தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி எல்லாம் இதுக்குக் குறுக்கே நிப்பாங்க, அதனாலதான்

நெறியாளர்:

மேலே உள்ள பதிவில் பிற சமூகங்களைப் பற்றிய பகுதியை வெட்டியிருக்கிறேன். விடுமுறை பற்றி மட்டும் பேசவும். பஞ்சாபியர் வைசாக்கிக்கும் நாடு தழுவிய பொது விடுமுறை இல்லை என்பதை நினைவில் வைக்கவும்.

தண்ணீர்மலை:

இன்னொரு விஷயம். எங்கள் பினாங்கில் ஜூலை 7 மாநில விடுமுறை. 2008-ல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய நாள். சாமியும் இல்லை, அரசரும் இல்லை, ஊருக்கே ஒரு நாள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், மாரியம்மன் கோயில், சீனக் கோயில், ஆங்கிலிக்கன் தேவாலயம் எல்லாம் ஒரே தெருவை ஒட்டி நிற்பதால் கிடைத்த பெருமை அது. எனக்குப் பிடித்த லீவு இதுதான். அன்றைக்கு யாரும் யாருக்கும் விருந்து வைக்க வேண்டியதில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:

சந்திர நாள்காட்டியைப் பத்தி யாரும் பேசலையே. 2004-லிருந்து 2006 வரை தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒட்டி ஒட்டி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? தீபராயான்னு கடைத்தெரு பூரா ஒரே விளக்கு. பாதி நாட்டுக்கு ஒரு வாரம் லீவு. மறுபடி எப்போ வரும்?

பழைய வாத்தியார்:

ஹிஜ்ரி ஆண்டு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகரும். தீபாவளி அக்டோபர், நவம்பருக்குள்ளேயே நிற்கும். இரண்டும் மறுபடி சந்திக்க 32, 33 ஆண்டு ஆகும். 2030-களின் கடைசியில் பாருங்கள். நான் பார்ப்பேனா என்பது வேறு கேள்வி.

செந்தூல்காரன்:

ஒரு கேள்வி கேட்டேன், ஒரு நாட்டுச் சரித்திரமே வந்துடுச்சு. நன்றி எல்லாருக்கும். இப்ப என் பிரச்சினைக்கு வர்றேன். ஜனவரி 1-ஐ எடுத்துட்டுத் தைப்பூசம் கொடுங்கன்னு நாங்க கேட்கலாமா? என் லைன்ல சபாவைச் சேர்ந்த கடசான் இனக் கிறிஸ்தவப் பொண்ணு ஒண்ணு இருக்கு. அது ஜனவரி 1-க்குப் பதிலா கிறிஸ்துமஸ் கேட்குது. மலாய் நண்பர் ஒருத்தர் ஹஜ்ஜு கேட்கிறார். இருக்கிறது ஒரே ஒரு ஜனவரி 1.

சங்கத்துக்காரர்:

கேட்கலாம். கட்டாயமான 5-ஐத் தொட முடியாது. மீதி 6-இல் எதற்கும் பதிலாக வேறு நாளை, முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்டால், மாற்றிக்கொள்ளலாம் என்று அதே 60டி சொல்கிறது. அடித்துக்கொள்ளவே தேவையில்லை. ஆளுக்கு ஆள் தனித்தனியாக ஒப்புக்கொள்ளலாம். நீ தைப்பூசம், அந்தப் பெண் கிறிஸ்துமஸ், அவர் ஹஜ்ஜு. மூவரும் ஜனவரி 1 வேலைக்கு வந்துவிடுங்கள். முதலாளிக்கும் லாபம்தான், மூன்று பண்டிகையிலும் லைன் நிற்காது. இதை முதலில் சொல், அப்புறம் சட்டத்தைச் சொல்.

ஒரு எச்சரிக்கை. மாற்றிய பிறகு ஜனவரி 1 உங்களுக்குச் சாதாரண வேலை நாள், கூடுதல் சம்பளம் கேட்க முடியாது. வாய்ப்பேச்சு வேண்டாம், கையெழுத்தோடு வாங்கு.

செந்தூல்காரன்:

தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை வந்தா? 2026-ல் பிரதேச தினமும் தைப்பூசமும் ஒரே ஞாயிறு, பிப்ரவரி 1.

சங்கத்துக்காரர்:

பட்டியலில் உள்ள விடுமுறை உன் ஓய்வு நாளிலோ இன்னொரு விடுமுறையின் மேலோ விழுந்தால், அடுத்த வேலை நாளைச் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும். ஆனால் மாற்றி வாங்குகிற நாளுக்கும் இது பொருந்துமா என்று எச்.ஆர். இழுப்பார். அதனால் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக்கொள்: "அந்நாள் ஓய்வு நாளில் வந்தால் அடுத்த வேலை நாள்."

செந்தூல்காரன்:

சரிண்ணே. திங்கட்கிழமை மூணு பேரும் சேர்ந்தே போறோம்.